தலைவி மூழ்கிய இடம்

"எல்லாரும் வந்தாச்சா? உங்க வகுப்புத் தலைவி எங்கம்மா?" என்று கேட்டார் புகைப்படக்காரர்.

"நீச்சல் குளத்துல மூழ்கிட்டு இருப்பா. நீங்க எடுங்கண்ணே!" என்றேன் நான்.

கறுப்பு அங்கியும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக நூலகப் படிகளில் நின்ற முப்பத்தாறு பேரும் கொல்லென்று சிரித்தோம். அந்தச் சிரிப்போடு படமும் எடுத்தாகிவிட்டது.

அங்கிகளுக்கு அளவு எடுத்தவள், பிரிவு விருந்துக்குக் கடை பார்த்தவள், பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோருக்கு அறை பிடித்தவள் எல்லாம் தலைவி கெரான்தான். ஊருக்கெல்லாம் ஓடி ஓடி வேலை பார்ப்பாள். தன் வேலையில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாள்.

சீனாவின் வேறு சில பல்கலைக்கழகங்களைப் போல எங்களுடையதிலும் ஐம்பது மீட்டர் நீந்தினால்தான் பட்டம். நாங்களெல்லாம் எப்போதோ நீந்தி முடித்துவிட்டோம். வகுப்பில் பாக்கி இரண்டே பேர். ஒருத்தி யுன்ஷு, இன்னொருத்தி இந்தத் தலைவி.

யுன்ஷுவைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வடமேற்கே வறண்ட கான்சு மாகாணத்துப் பக்கம், குடிக்கிற தண்ணீரையே அளந்து ஊற்றுகிற ஊர்க்காரி. தண்ணீர் இடுப்புக்கு மேலே வந்தாலே அலறுவாள். அவளுக்கு ஊர்ப் பள்ளியில் ஆசிரியை வேலை தயாராக இருந்தது. ஜூலை முதல் தேதி சான்றிதழோடு போய் நிற்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஏப்ரலில், நீச்சல் பாக்கி என்று கைப்பேசிக்குச் செய்தி வந்ததும் கட்டிலில் குப்புற விழுந்து அழுதாள்.

"என்னால முடியாதுடி. வகுப்புலயே நான் ஒருத்திதான் இப்படி."

"யார் சொன்னா? எனக்கும்தான் பாக்கி!" என்று மேல்கட்டிலிலிருந்து குதித்தாள் கெரான்.

கெரான் இரண்டாம் ஆண்டில்தான் வேறு துறையிலிருந்து மாறி எங்கள் அறைக்கு வந்தாள். இத்தனை நாள் இதைக்கூட முடிக்காமல் என்னத்தைக் கிழித்தாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்கு இருவரும் குளத்தில் இறங்கினார்கள். நானும் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். யுன்ஷு பத்து மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலேயே கெரான் எட்டு மீட்டரில் தத்தளித்துக்கொண்டிருந்தாள்.

"கெரான்! தண்ணியைத் தள்ளச் சொன்னா ஏன் அதோட சண்டை போடுற?" என்று நீச்சல் ஆசிரியர் ஔயாங் சார் கரையிலிருந்து கத்தினார். யுன்ஷுவை அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

மே மாதம் யுன்ஷு இருபது மீட்டர் போனாள், கெரான் பதினெட்டு. அப்புறம் யுன்ஷு முப்பத்தைந்து, கெரான் முப்பத்துமூன்று.

"பாத்தியா, உன்னைவிட மக்கு ஒருத்தி இருக்கா" என்றேன் யுன்ஷுவிடம்.

"ஆமால்ல!" என்று யுன்ஷு சிரித்தேவிட்டாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிரிவு விழாவுக்கு நான் ஒரு நாடகம் எழுதினேன். பெயர், 'மூழ்கும் தலைவி'. கெரானிடம் காட்டினால் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன்.

"மூழ்குற காட்சி ஒண்ணுதானா? இன்னும் ரெண்டு சேத்துக்கோடி" என்றாள்.

வெட்கமே இல்லாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன். விழா அன்று அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கடைசி நீச்சல் தேர்வு நடக்கிற காலையில்தான் புகைப்படக்காரருக்கும் நேரம் கிடைத்தது. "எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு எடுத்துடுங்கடி" என்று சொல்லிவிட்டுப் போனாள் கெரான். படம் முடிந்ததும் அவர்கள் அங்கிகளை எடுத்துக்கொண்டு நான் குளத்துக்கு ஓடினேன்.

போய்ச் சேரும்போது யுன்ஷு நாற்பதைத் தாண்டியிருந்தாள். இரண்டு தடவை தலை உள்ளே போனது. மூன்றாவது தடவை மேலே வந்தபோது அவள் கை சுவரில் இருந்தது.

"தொட்டுட்டேன்! தொட்டுட்டேன்!" என்று இருமிக்கொண்டே கத்தினாள்.

அப்புறம் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கெரான் நாற்பத்தெட்டில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

யுன்ஷுவின் முகம் செத்துப்போனது. சொட்டச் சொட்ட ஏறி வந்து ஔயாங் சாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அவளுக்கு இன்னொரு வாய்ப்பு குடுங்க சார். ரெண்டே மீட்டர்தானே! அவளுக்குக் கிடைக்காத பட்டம் எனக்கும் வேண்டாம்."

"ஆமா சார், பாவம் சார்" என்றேன் நானும். கேலி பேசின வாய்தான்.

சார் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். கையிலிருந்த தேர்வுத் தாளை நீட்டினார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. யுன்ஷு.

"கெரான் முதல் வருஷமே பாஸ்மா. நிக்காம இருநூறு மீட்டர் நீந்தினவ. ஏப்ரல்ல எங்கிட்ட வந்து நின்னா. 'யுன்ஷு எங்க நிறுத்துறாளோ, அதுக்கு ரெண்டு மீட்டர் முன்னாடி நான் மூழ்கிடுறேன் சார். திட்டுறதையெல்லாம் என்னையே திட்டுங்க'ன்னா. அப்படிக் குறி வச்சு மூழ்குறது லேசுப்பட்ட காரியமில்ல. ரெண்டு மாசமா தினம் தண்ணி குடிச்சா."

யுன்ஷு அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கு அந்த நாடகத்தை எழுதின கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இப்பேர்ப்பட்டவளோடு மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன்.

கெரான் கயிற்றை விட்டாள். "இனிமே ஒழுங்கா நீந்தலாமா சார்?" என்று கேட்டுவிட்டு, திரும்பி எதிர்க்கரைக்கு ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்தாள்.

நான் புகைப்படக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, மூட்டை கட்டிடாதீங்க. வகுப்புப் படத்தை இன்னொரு தடவை எடுக்கணும்."

"ஏம்மா, நல்லாத்தானே வந்திருக்கு? யாராவது கண்ணை மூடிட்டாங்களா?"

"ஆமாண்ணே. முப்பத்தாறு பேரும்."