ஒரே ஒரு இடம்

பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த சேர்க்கைப் பட்டியலில் சிட்டுவின் பெயர்தான் முதலில் இருந்தது. தையல்காரி அதைப் பார்த்ததும் சிட்டுவின் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். முகம் சிரித்தது, வயிறு பற்றி எரிந்தது.

"உங்க பையன் எத்தனாவது அக்கா?" என்று கேட்டாள் சிட்டுவின் அம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள், டியூட்டி உடுப்போடேயே ஓடி வந்திருந்தாள்.

"ரெண்டாவது."

"ரெண்டாவதா? நல்லாப் பாத்தீங்களா?"

வேண்டுமென்றே குத்துகிறாள் என்று தையல்காரிக்குப் பட்டது.

நான்கு வருடப் பழக்கம். இருவர் பிள்ளைகளுக்கும் பேச்சும் படிப்பும் மெதுவாகத்தான் வரும். பயிற்சி மையத்து வாசல் பெஞ்சில் ஒரே பிளாஸ்க் டீயைப் பங்கு போட்டுக் குடித்தவர்கள் இவர்கள். ஆனால் சிட்டு முதன்முதலாக "அம்மா" என்று சொன்ன அன்று, கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போன தையல்காரி, ஒரு சட்டைக்கு இரண்டு கைகளையும் இடம் மாற்றித் தைத்துவிட்டாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் பள்ளி அந்தப் பக்கத்தில் இது ஒன்றுதான். இந்த வருடம் அதிலும் ஒரே ஒரு இடம். தையல்காரியின் மகனுக்கு எட்டு வயது முடியப்போகிறது, அதற்குமேல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கமாட்டார்கள். சிட்டுவுக்கு ஆறுதான், அடுத்த வருடமும் வரலாம்.

'எல்லாம் அவளுக்கே கிடைக்கணுமா?' ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தலைமை ஆசிரியையின் அறையில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு சிறுமி விரலைத் தூக்கி அவுட் என்றாள். ஆட்டமிழந்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அவளிடம் மல்லுக்கு நின்றான்.

தன் மகனோடு இதுவரை எந்தப் பிள்ளையும் சண்டை போட்டதில்லை. எல்லோரும் பாவம் என்று ஒதுங்கித்தான் போனார்கள். அந்த நினைப்பு வந்ததும், வழியெல்லாம் வாய்வரை வந்து வந்து திரும்பிய பேச்சு வெளியே விழுந்துவிட்டது.

"டீச்சர், அந்த சிட்டு கடிப்பா."

தலைமை ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "யாரை?"

"யாரு பக்கத்துல இருந்தாலும். கோவம் வந்துட்டா ரத்தம் வர்ற மாதிரி கடிச்சு வச்சிடுவா. மத்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுதேன்னுதான்..."

சிட்டு இதுவரை கடித்தது பிஸ்கட்டை மட்டும்தான். அதிலும் பாதியை இவள் மகனுக்குக் கொடுத்துவிடுவாள்.

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்." முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

தலைமை ஆசிரியை சிட்டுவின் ஃபைலை மூடிவைத்தார். "கடிக்கிற பிள்ளைன்னா கூடவே ஒரு ஆள் உக்காரணும்மா. அதுக்கு ஆள் போடறது அடுத்த வருஷந்தான். சரி, சிட்டு அப்ப வரட்டும். இந்த இடம் உங்க பையனுக்கு. நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுந்து கும்பிட்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் சொன்னேன்னு சிட்டுவோட அம்மாவுக்குத் தெரிய வேணாம் டீச்சர். கூடப் பொறந்தவங்க மாதிரி பழகுறோம்."

"தெரிஞ்சா என்னம்மா? காலைல அவங்களே வந்து, 'எம் பொண்ணு கடிப்பா, இந்த இடத்தை அக்கா பையனுக்குக் குடுத்துடுங்க'ன்னு கெஞ்சினாங்க. நான்தான் அதைப் பொய்யின்னு நினைச்சுட்டேன்."