சிரிக்கும் இடம்

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது என்று அந்தப் பகுத்தறிவு வட்டத்தில் யாரும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. இளஞ்சேரன் எழுதிய ஒல்லிப் புத்தகம்தான். பாம்பு கடித்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மந்திரிக்கத் தூக்கிப்போய்ப் பறிகொடுத்த பெற்றோர் கதையோடு அது தொடங்கும். முதல் பக்கத்தை அவரே உரக்க வாசிப்பார். தலைவிரி கோலமாகத் தாய் வேப்பிலைக்கு ஓடும் இடத்தில் கூட்டம் சிரிக்கும். அன்றும் சிரித்தது. புதியவர்களில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. பாவம், புரியவில்லை போலிருக்கிறது என்று அவளுக்காக அந்த வரியை இன்னொரு முறை வாசித்தார்.

புத்தகம் வாங்க வரிசையில் வந்தபோது அவள் சொன்னாள்: "எங்க ஊரு பேரைச் சரியாப் போட்டிருக்கீங்க. புள்ள பேரைத்தான் விட்டுட்டீங்க."

"அது ஒரு உதாரணத்துக்குத்தானேம்மா..."

"பூவரசிங்க. எம் மக."

புத்தகத்தை வாங்கி, தூங்கும் குழந்தையைப் போடுவதுபோல் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள். அடுத்து நின்றவன் சிரிப்பு மாறாமல் கையை நீட்டினான். இளஞ்சேரன் புத்தகக் கட்டின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.