இறங்காத தண்ணீர்

ஸ்பூனில் கொடுத்த தண்ணீர் வாய்க்குள் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு கடைவாய் வழியாக வழிந்து தாடியில் இறங்கியது.

விஜிலா துண்டால் துடைத்துவிட்டாள். அவள் பழக்கத் தொடங்கிய ஆறாவது நாளும் இதே கதைதான்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி விழுங்கப் பழக்குவது அவள் வேலை. நர்ஸுகள் அவளுக்கு வைத்த பெயர் முழுங்கு டீச்சர். மாவு கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுப்பாள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, அது நல்லபடியாக இறங்கும் சத்தத்துக்குக் காத்திருப்பாள். இனி வாயால் சாப்பிட மாட்டார் என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்த எத்தனையோ பேரை இட்லி தின்ன வைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள்.

காயல்பட்டினத்து செய்கு அப்துல் காதிரிடம் மட்டும் அவள் பருப்பு வேகவில்லை. மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். இப்போது வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பாலும் கஞ்சியும் மூக்கிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வழியாகப் போகின்றன.

ஒன்றுதான் அவளைக் குழப்பியது. எச்சிலை விழுங்குகிறார். தொண்டை எலும்பு அழகாக ஏறி இறங்குகிறது. தண்ணீர் என்றால் மட்டும் முடியாது.

சொல்வது மூளைக்கு எட்டவில்லை என்று ஃபைலில் எழுதிவைத்தாள்.

பகலில் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று நர்ஸ் ஸ்டெபி அவருடைய இடது மணிக்கட்டைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தாள். ராத்திரியில் அந்தத் தொந்தரவே இல்லையாம். எவ்வளவு ஊற்றினாலும் பச்சைப்பிள்ளை மாதிரி கிடப்பாராம்.

நாளைக் காலை வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்கப் போகிறார்கள். இன்றைக்கு நாலு ஸ்பூன் இறங்கினால் தள்ளிப்போடலாம் என்று டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தாள். அதற்கென்று சீக்கிரம் வர நினைத்தவள், ஐசியுவில் மாட்டிக்கொண்டாள். எப்போதும் நாலு மணிக்கு வருகிறவள் இன்று ஆறு மணிக்கு மேல்தான் வந்தாள்.

“ஒரே ஒரு வாய் வாப்பா, எனக்காக முழுங்குங்க.”

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை. விவரம் தெரியாத பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பது போல இருந்தது. அந்த ஸ்பூனும் தாடிக்குத்தான் போனது.

விஜிலா கிண்ணத்தை மூடிவிட்டு, முடியவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தாள்.

அப்போது தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி பதுருன்னிஸா, கைக்குள் வைத்திருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார். விடியுமுன் சாப்பிட்டதற்குப் பிறகு பச்சைத் தண்ணீர் படாத வாய்.

கட்டில் கிறீச்சிட்டது. செய்கு அப்துல் காதிர் கட்டிய கையை இழுத்துக்கொண்டிருந்தார். கண் கிண்ணத்தின் மேல் இருந்தது. பேச்சு போன உதடுகள் சத்தமில்லாமல் எதையோ சொல்லி முடித்தன.

பிறகு வாயைத் திறந்தார்.

விஜிலா பேனாவைப் போட்டுவிட்டு ஸ்பூனை எடுத்தாள். ஸ்டெதஸ்கோப்பில் களுக்கென்று கேட்டது. இருமல் இல்லை. இன்னொரு ஸ்பூன். அதுவும் இறங்கியது. ஐந்து ஸ்பூன் வரை வாய் தானாகத் திறந்தது.

“இத்தன நாளும் நோன்பாவா இருந்திய?” பதுருன்னிஸாவுக்கு வாயில் இருந்த பழம் இறங்கவில்லை.

நோயாளிக்கு நோன்பு இல்லை என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லியிருந்தார். ரமலான் பிறை பார்த்த அன்று இவர் நினைவில்லாமல் கிடந்தார். இவருக்கு மாதம் ஏது, நாள் ஏது என்று யாரும் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் விடியுமுன் மனைவி எழுந்து சாப்பிடுவதையும், பாங்கு கேட்ட பிறகு தண்ணீர் குடிப்பதையும் இந்தக் கண்கள் தினமும் பார்த்திருக்கின்றன.

தவக்காலம் என்று தானும் கறி தொடாமல் இருக்கும் விஜிலாவுக்கு வெட்கமாக இருந்தது.

துளை வேண்டாம் என்று டாக்டரிடம் போனில் சொன்னாள். இறங்கிய ஐந்து ஸ்பூனையும் எழுத ஃபைலைத் திருப்பினாள்.

காலை எட்டு மணி, பால் 200 மில்லி. பகல் பன்னிரண்டு, கஞ்சி. மூன்று மணி, பால். அவர் வந்து சேர்ந்த பன்னிரண்டு நாளும் ஒரு வேளை தவறாமல் குழாயில் ஊற்றி, ஊற்றியவர்கள் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அவர் குழாயைப் பிடுங்கப் பார்த்த நேரங்களும் அவைதான்.

அவள் ஃபைலை மூடினாள். குனிந்து அவர் மணிக்கட்டில் இருந்த கட்டை அவிழ்த்தாள். தோலில் துணி பதிந்து சிவந்திருந்தது.

அவிழ்ந்த கை குழாயின் பக்கம் போகவில்லை. மெல்ல நீண்டு, அவளிடம் ஸ்பூனைக் கேட்டது.