மேட்டுப் பாத்திப் பழம்

தட்டிப் பார்த்தால் போதும், இந்தப் பழம் கடைசியாக என்றைக்குத் தண்ணீர் குடித்தது என்று சொல்லிவிடுவேன் என்றார் பெரியவர்.

உள்ளே எத்தனை விதை என்றும் சொல்லலாமாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

புளியமரத்தடியில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

திண்டிவனம் சாலையோரம். ஆள் உயரத்துக்குத் தர்பூசணிக் குவியல். இந்தப் பக்கம் ஏகாம்பரம். அந்தப் பக்கம் அவன் மனைவி பூங்காவனம். நடுவில் ஏழு பழங்கள், வெட்டிய வாயோடு. காலையில் வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை.

நிறம் இருக்கிறது. ருசி இல்லை. வாயில் போட்டால் சப்பென்று தண்ணீர்.

விதை மட்டம் என்பது ஏகாம்பரத்தின் கட்சி. விதை வாங்கித் தந்தது பூங்காவனத்தின் அண்ணன் காசிலிங்கம். வேண்டுமென்றே தலையில் கட்டிவிட்டானாம். பழத்தைத் திருப்ப வந்த ஏழு பேரிடமும் சொன்னான். எட்டாவதாக, பழம் வாங்க வந்த இந்தப் பெரியவரிடமும் சொன்னான். வெள்ளிக்கிழமை மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டிய காது. அவன் மடியும் வேண்டாம், அவன் நம் வாசல் மிதிக்கவும் வேண்டாம் என்று காலையிலேயே போனில் சொல்லியாகிவிட்டது.

பூங்காவனம் முந்தானையால் ஒரு பழத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ பளபளத்துவிட்டது.

பெரியவர் ரயில்வேயில் சக்கரம் தட்டியவர். வண்டி வந்து நின்றதும் சுத்தியலோடு இறங்கி, சக்கரத்துக்கு ஒரு தட்டு. கணீரென்றால் போகலாம். கம்மினால் விரிசல். முப்பத்தொரு வருடம், நாற்பது லட்சம் சக்கரம் என்பது அவர் சொல்வது. அவர் வீட்டு அம்மாள் அதில் பாதியைத் தள்ளிவிடுவாள்.

பழத்தில் எல்லாம் தலைகீழ். கணீரென்றால் இன்னும் காய். தொம்மென்று நெஞ்சுக்குள் கேட்டால்தான் பழம்.

முதல் பழத்தை மடியில் வைத்தார். காதைச் சாய்த்தார். விரலை மடக்கித் தட்டினார்.

பொத்.

இன்னொன்று.

பொத்.

நனைந்த தலையணையைத் தட்டியது போல.

தட்டிய பழமெல்லாம் இடது பக்கம் போய்ச் சேர்ந்தது. இருபது. முப்பது. நெடுஞ்சாலையில் போன லாரிகள் ஹாரனை அடக்கிக்கொண்டு போயின. மரத்துக் காக்கை கழுத்தைச் சாய்த்துக் கேட்டது.

நாற்பத்திரண்டாவது பழம்.

தொம்.

அவர் கை அந்தரத்தில் நின்றது.

காம்பு காய்ந்து சுருண்டிருந்தது. மண்ணில் கிடந்த பக்கம் வெண்ணெய் மஞ்சள். இன்னொரு தரம் தட்டினார். சத்தம் முதுகுத்தண்டில் இறங்கியது.

நிலத்தில் மேடு உண்டா என்று பூங்காவனத்தைக் கேட்டார். வடக்கு மூலையில் ஒரு பாத்தி மேடு என்றாள். மோட்டார் தண்ணீர் அங்கே ஏறாது.

அவர் ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

“விதை எல்லாம் ஒண்ணுதான் தம்பி. இது தண்ணி குடிக்காத பழம். மத்ததெல்லாம் அறுக்கிறதுக்கு மொத நாள் வயிறு முட்டக் குடிச்சது. ரெண்டு மணி நேரம் மோட்டார் ஓடியிருக்கு.”

தண்ணீர் அவர் காதில் கேட்டது நிஜம். ரெண்டு மணி நேரம் மட்டும் வாயில் தானாக வந்தது. வாயில் வந்ததை அவர் என்றைக்கும் தடுத்ததில்லை.

ஏகாம்பரம் அப்போதுதான் சிரித்தான். பத்து நாளாக மோட்டார் ரூம் பக்கமே போகவில்லை என்றான். எடை கூடட்டும் என்று கடைசி நாளில் தண்ணீர் பாய்ச்ச நான் என்ன கூறு கெட்டவனா என்று கேட்டான்.

எடையைப் பற்றி அதுவரை யாரும் பேசியிருக்கவில்லை.

பூங்காவனத்தின் முந்தானை நின்றது.

அவர் கத்தி கேட்டார். நீட்டினார்கள். வேண்டாம் என்று கையமர்த்தினார். பழத்தைப் பலகையில் நிறுத்தி, கட்டைவிரல் நகத்தை உச்சியில் மெல்ல வைத்தார். அழுத்தக்கூட இல்லை.

சர்ரென்று ஒரு சத்தம். கோடி வேட்டியைக் கிழித்தாற்போல.

பழம் தானே பிளந்தது. உச்சியிலிருந்து அடிவரை, நூல் பிடித்த மாதிரி.

அப்படி ஒரு சிவப்பு.

பிளந்த சதையில் சர்க்கரை பொடிப்பொடியாக நின்றது. பக்கத்தில் இருந்த மூன்று பேர் முகத்திலும் அதன் நிறம் அடித்தது. ஈ கூட உடனே உட்காரவில்லை.

எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லியே பழகிய வாய் அவருக்கு. இதைக் கூட்டிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. இருந்ததே போதுமானதாக இருந்தது.

ஏகாம்பரம் ஒரு துண்டை எடுத்தான். மென்றான். விதையைத் துப்ப மறந்தான். இன்னொரு துண்டு எடுத்தான்.

இடது பக்கக் குவியலைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பூங்காவனத்திடம் நீட்டினான். உங்க அண்ணனுக்குப் போடு, நான் பேசணும் என்றான்.

அவள் போட்டாள். மணி போய்க்கொண்டிருந்தது.

அவன் அவர் பக்கமாகக் குனிந்தான்.

“ரெண்டு மணி நேரம் இல்லைங்க, பெரியவரே. மூணு.”