யார்க் மதில் வலம்

நாற்பதடி நடந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

இப்படிப் போகக்கூடாது என்றாள். சாமி வலப்பக்கம் இருக்க வேண்டும்.

எந்தச் சாமி என்று அவன் கேட்டான். ஊரைச் சுற்றி ஓடும் பழைய மதில் மேலிருந்து அவள் இங்கிலாந்தின் யார்க் நகரத்தை மொத்தமாகக் கையால் காட்டினாள். பேராலயம், மிட்டாய்க் கடைகள், ஒரு வங்கி எல்லாம் அதில் அடங்கின.

அவள் ஊர் திருவண்ணாமலை. வட்டமாக எதைக் கண்டாலும் சுற்றிவிடுவாள்.

இருவரும் வந்த வழியே திரும்பி, மறுபக்கமாக நடந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஏப்ரல் மாதம். கல் ஐஸாக இருந்தது.

ஒரு வேண்டுதல் என்றாள். சுற்றி முடிக்கும்வரை சொல்லக்கூடாதாம்.

அவன் ஷூவோடு பின்னால் போனான். அவனிடம் வேண்டுதல் ஏதும் இல்லை, கவலைதான் இருந்தது. நாலு மணி இரண்டு நிமிஷத்துக்கு நியூகாசில் ரயில். அந்த ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும் டிக்கெட்.

அதைவிடப் பெரிய கவலை சட்டைப்பையில் இருந்தது.

ரயில் கார்டு. இரண்டு பேர் சேர்ந்து போனால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். தனியாகப் போனால் செல்லாது. இருவர் படமும் அருகருகே, கல்யாண பேனர் மாதிரி. கீழே பெயர்கள்: தினகர், சுபத்ரா. நியூகாசிலில் ஒரே வகுப்பில் படிப்பதாலும், சிக்கனம் என்பதாலும் மட்டுமே வாங்கியது. இருவரும் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

அந்தச் சிக்கனத்தில் டர்ஹாம் பார்த்தார்கள். செஸ்டர் பார்த்தார்கள். லிங்கனில் செங்குத்து மேடு, நல்ல மழை. அவன் குடையைப் பிடுங்கிக்கொண்டு அவள் முன்னால் ஓடினாள். பாத் நகரத்தில் ரோமானியர் குளம் வரை கூட்டிப்போய்விட்டுக் குளிக்க விடவில்லை என்று ஒரு வாரம் குறைப்பட்டாள்.

இன்று நள்ளிரவோடு கார்டு முடிகிறது.

புதுப்பிக்கலாமா என்று கேட்க, லிங்கனிலிருந்தே ஒத்திகை பார்த்துவருகிறான். வாய் திறக்கும் நேரமாகப் பார்த்து ஏதாவது ஒரு கோபுரம் குறுக்கே வந்துவிடும்.

போன வாரம் அவளே சொன்னாள். சேலத்தில் ஒரு பல் டாக்டர். ஜாதகம் வீட்டுக்கு வந்திருக்கிறது. பத்துக்கு எட்டுப் பொருத்தம்.

வேண்டுதல் அந்தப் பல்லுக்காக இருக்கலாம்.

ஒவ்வொரு கோட்டை வாசலிலும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஓரிடத்தில் மதிலே இல்லை. லாரிகள் போகிற சாலை. அதே பக்தியோடு அதையும் வெறுங்காலில் கடந்தாள். நாயோடு வந்த ஒரு பாட்டியம்மா, அந்தப் பெண் காலணியைத் தொலைத்துவிட்டாளா என்று அவனிடம் ரகசியமாக விசாரித்தார். இல்லை, கையில்தான் இருக்கிறது என்றான்.

மூன்று ஐம்பது.

மதில் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள். அதற்கு அப்பால் ஸ்டேஷன். ஓடினால் பிடித்துவிடலாம் என்றான்.

அவள் வேகத்தைக் குறைத்தாள். வலம் வரும்போது நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி நடக்க வேண்டும், அதுதான் முறை என்றாள்.

நடந்தாள்.

சரியாக நாலு இரண்டுக்கு ரயில் கிளம்பியது. இந்த ஒரு வருஷத்தில் ஒரு ரயில் சொன்ன நிமிஷத்தில் கிளம்பி அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடைசிப் பெட்டி மறையும்வரை இருவரும் மரியாதையாக நின்று பார்த்தார்கள்.

மதில் ஏறிய படிக்கே வந்து சேர்ந்ததும், அவள் ஊரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

என்ன வேண்டுதல் என்று கேட்டான்.

"நாலு ரெண்டு ட்ரெயின் போயிடணும்னுதான்டா."

சொல்லிவிட்டுக் குனிந்து செருப்பை மாட்டினாள். வார் மாட்ட ரொம்ப நேரம் பிடித்தது. நிமிரவே இல்லை.

கார்டுக்கு இன்னும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் உயிர் இருந்தது.

அவன் படியில் உட்கார்ந்து, ஷூ லேஸை அவிழ்த்தான்.