வாழ்த்தாத வாய்

அம்புஜம் டீச்சர் வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கறதும், எங்க ஓனர் அரங்கசாமி அண்ணங்கிட்ட செவுத்துக்கு வெள்ளையடிக்கச் சொல்றதும் ஒண்ணுங்க. ரெண்டும் நடக்காது.

பீளமேட்டுல அவருக்கு லைன் ஊடு. கோடி ஊட்டுல டீச்சர். தனிக்கட்டை. சாயங்காலமானா ஸ்போக்கன் இங்கிலீஷ் டியூசன். பக்கத்து ஊட்டுல நானு. கல்யாணம் காச்சின்னா ரேடியோ செட்டு, சீரியல் லைட்டு கட்டறவன். அஞ்சாவதுலயே படிப்பு என்னைய வேண்டாம்னுபோட்டுது.

எதுத்த ஊட்டு மாசாணியம்மாக்கா கலர் டீவி வாங்கி, பெருமையா டீச்சரக் கூப்பிட்டுக் காட்டுச்சு.

"புவர் யூ, மாசாணி."

அக்கா நேரா எங்கிட்ட ஓடி வந்துச்சு. "ஏப்பா, புவர் யூன்னா என்னப்பா?"

"ஐயோ பாவம் நீயின்னு அர்த்தமுங்க்கா."

"கலர் டீவி வாங்குனவளப் பாத்தா பாவம்ங்கறா? அவ வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!"

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? செவுத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்தே பாதி இங்கிலீஷ் படிச்சவனுங்க நானு. 'யூ'வுக்கு முன்னால 'லக்கி' போட்டா, குடுத்து வெச்சவங்க நீங்க. 'புவர்' போட்டா, ஐயோ பாவம் நீங்க. 'யூ'வைத் தூக்கிப்போட்டு 'மீ'யப் போட்டா, அத்தனையும் சொல்றவங்களுக்கே வந்துரும்.

ஆனா ஒண்ணுங்க. 'லக்கி யூ' பாடம் வந்தா மட்டும் டீச்சர் சத்தமே கேக்காது. போர்டுல எழுதி, குச்சியால தட்டுவாங்க. புள்ளைங்கதான் கத்தும்.

ஒருக்கா ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். புள்ளைங்க கத்திட்டிருக்க, டீச்சர் முந்தானையால வாயப் பொத்திட்டு, செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுட்டிருந்தாங்க.

மேலெல்லாம் சிலுத்துப் போச்சு. டீச்சருக்குப் பல்லுவலியா இருக்கும்னு நெனச்சுக்கிட்டு வந்து படுத்துட்டேன். பயத்துக்கு வேற மருந்தில்லீங்க.

அரங்கசாமி அண்ணன் பொண்ணு கோகிலவாணிக்குக் கல்யாணம் கூடுச்சு. மாப்பிள்ளைக்குப் பெங்களூர்ல கம்ப்யூட்டர் உத்தியோகம். பொண்ணுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்ததே டீச்சர்தான். டீச்சரச் சுத்தி வந்த மாதிரி அந்தப் புள்ளை வேற யாரையும் சுத்தி வந்து நான் பாத்ததில்லை.

தாலி கட்டி முடிஞ்சுது. வந்தவங்க ஒவ்வொருத்தரா மைக்கப் புடிச்சு வாழ்த்தறாங்க. டீச்சர் கடைசி வரிசையில ஒளிஞ்சு உக்காந்திருக்காங்க. அண்ணன் போயி, கையப் புடிக்காத குறையா மேடைக்குக் கூட்டியாந்துட்டாரு.

"ஏனுங்க டீச்சரம்மா, என்ற பொண்ணுக்கு ஒரு நல்ல வார்த்தை. இங்கிலீஷ்லயே சொல்லுங்க."

"வேண்டாமுங்க. என்னைய உட்ருங்க."

அவரு குனிஞ்சு ரகசியமாச் சொன்னாரு. "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாக்கறாங்க. சொல்லலீன்னா நாளைக்கே ஊட்டக் காலி பண்ணிப்போடுங்க."

மைக்கு ஆன்ல இருந்துது. ரகசியம் மண்டபம் பூரா கேட்டுப்போச்சு.

டீச்சர் அசையலை. "காலி பண்ணிக்கறேனுங்க," அப்படின்னாங்க.

அப்பத்தான் கோகிலவாணி அவங்க கையப் புடிச்சுது. "ஊருசனம் சொல்றது எனக்கு வேண்டாமுங்க மிஸ். நீங்க ஒருக்கா 'லக்கி யூ' சொல்லுங்க. அது போதும்."

"கண்ணு... புவர் யூன்னு சொல்லட்டுமா?"

புள்ளைக்குக் கண்ணு ரொம்பிப்போச்சு. மாப்பிள்ளை அம்மா மூஞ்சி சுருங்குது. அங்கங்க முணுமுணுப்பு.

டீச்சர் மைக்க வாங்குனாங்க. புள்ளையவே பாத்தாங்க.

"லக்கி..."

ஸ்பீக்கர் ஙொய்ங்குன்னுது. ஆம்ப்ளிபயரத் தொட்டுப் பாத்தேன், கோளாறு ஒண்ணுமில்லை. நிமுந்து பாத்தா, மணவறையில நான் கட்டுன சீரியல் லைட்டு அந்தக் கோடியில இருந்து ஒவ்வொண்ணா அணைஞ்சுட்டு வருதுங்க. பொண்ணு தலைக்கு நேரா வருது. இதே செட்ட எத்தனையோ மேடையில கட்டியிருக்கேன், ஒரு நாளும் இப்படி அணைஞ்சதில்லை.

டீச்சரும் அதைப் பாத்தாங்க. சடக்குனு மைக்க நெஞ்சோட சேத்துக்கிட்டாங்க.

"...மீ."

லைட்டு பூராவும் பளிச்சுனு எரிஞ்சுது.

மண்டபமே சிரிச்சுது. மாசாணியம்மாக்கா எந்திரிச்சே நின்னுடுச்சு. "பொண்ண வாழ்த்தச் சொன்னா, தன்னையே வாழ்த்திக்கறா பாருங்க!"

"கடைசி வரைக்கும் ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு," அப்படின்னு அண்ணன் பல்லக் கடிச்சாரு.

டீச்சர் மைக்க எங்கையில குடுத்தாங்க. விரலு ஐஸ் மாதிரி இருந்துது.

"இனிப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுங்க," அப்படின்னுபோட்டுக் கடைசி வரிசைக்கே போயி உக்காந்துட்டாங்க.

பந்திக்கு எழுப்பப் போன மாசாணியம்மாக்கா தோளத் தொட்டுச்சு. டீச்சர் அப்படியே சாஞ்சுட்டாங்க. மூச்சில்லை.

காரியமெல்லாம் முடிஞ்சு, உடுமலைப்பேட்டையில இருந்து அவங்க அக்கா பங்காரம்மா சாமான் எடுக்க வந்தாங்க. லைன் ஊட்டு சனம் பூரா வாசல்ல நிக்குது. அரங்கசாமி அண்ணனுக்கு ஆத்தாமை அடங்கலை.

"செத்தவங்களச் சொல்லக் கூடாதுங்க. ஆனாலும் உங்க தங்கச்சிக்கு யாரையும் வாயார வாழ்த்த மனசே வல்லீங்க."

பங்காரம்மா மூட்டையக் கட்டிட்டே நிமுந்து பாத்தாங்க.

"கட்டுன புருசனையும் பெத்த புள்ளையையும் வாயார வாழ்த்துனாளுங்க. வாழ்த்துன வாய மூடறதுக்குள்ள ரெண்டு பேரும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவளுக்கு யாரு மேல உசுரோ, அவங்களுக்கெல்லாம் 'புவர் யூ'தானுங்க."