மைனஸ் ஒன்று

போட்ட படமோ தகவலோ பொய்யாக இருந்தால் மட்டுமே கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்த வேண்டும் என்பது அந்த இணையத் தையல் குழுவின் விதி. அழுத்தினால் ஒரு புள்ளி குறையும். நாத்தனார் தைத்துப் போட்ட ஒவ்வொரு உடுப்புக்கும் அண்ணி வேறொரு பெயரில் வந்து அழுத்தினாள். ஊரே நாத்தனாரைக் கொண்டாடினால் வயிறு எரியாதா?

“யாரோ விடாம அழுத்துறாங்க அண்ணி. பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ,” என்றாள் நாத்தனார், அண்ணிக்குச் சட்டை அளவெடுத்தபடி.

அண்ணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றே அந்தப் பொய்க் கணக்கை அழித்தாள்.

சட்டை தைத்து முடிந்ததும் நாத்தனார் அவளை ஜன்னலோரம் நிறுத்திப் படமெடுத்தாள். பிறகு போனையே உற்றுப் பார்த்தாள்.

“நான் இன்னும் குழுவுல போடவே இல்லையே அண்ணி.”

திரையில், சிரித்துக்கொண்டிருந்த அண்ணியின் முகத்துக்குக் கீழே, மைனஸ் ஒன்று.